கருகருவென்று ஒரு விருந்தாளி

குழந்தை வெள்ளையாகத்தான் பிறக்கும் என்பதில் அந்த வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அப்பா வெள்ளை, அம்மா வெள்ளை. பிறகு பிள்ளை வேறு என்னவாகப் பிறக்கும்? வெள்ளை என்றால் பெண் பார்க்கும்போது தரகர்கள் இழுத்து இழுத்துச் சொல்கிற வெள்ளை இல்லை. தலைமுடி, புருவம், கண்ணிமை வரைக்கும் நிறமே இறங்காமல் பிறந்த வெள்ளை. வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். வெளிச்சத்தைக் கண்டால் கண் கூசும். பார்வை கையெட்டும் தூரத்தோடு நின்றுவிடும். கண்மணி இரண்டும் ஓயாமல் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும்.

அம்மாவாகப் போகிற அவள் பேருந்து நிலையத்தில் விசாரணைத் தொலைபேசிக்குக் குரல் கொடுப்பவள். எந்த வண்டி எப்போது எந்த இடத்திலிருந்து கிளம்பும் என்பதெல்லாம் தலைக்குள் இருப்பதால் பலகையைப் பார்க்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. அவள் கணவன் காளான் கொட்டகையில் காளான் பறித்துத் தரம் பிரிப்பவன். காளானுக்கு இருட்டும் குளிர்ச்சியும் வேண்டும். அவனுக்கும் அதுதான் வேண்டும். இரண்டு தரப்புக்கும் ஒத்துப்போய்விட்டது. அந்த மங்கல் வெளிச்சத்தில் ஆள் வருவதற்கு முன்னால் அவன் தலை வருகிறது என்று கூட வேலை செய்பவர்கள் அவனுக்கு 'டார்ச்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவனும் கோபித்துக்கொள்ளாமல், "கரண்டு போனா என்னைத்தான்டா தேடுவீங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பான்.

கல்யாணத்துக்கு முன்பே ஒரு கண் டாக்டர் இவர்களை உட்காரவைத்து எச்சரித்திருந்தார். "ரெண்டு பேருக்கும் ஒரே குறை. பொறக்கறது அத்தனையும் இப்படித்தான் பொறக்கும். தெரிஞ்சு பண்ணிக்கோங்க."

"பொறக்கட்டும் டாக்டர்," என்றாள் அவள். "நாங்க என்ன கெட்டா போயிட்டோம்?"

ஆகவே வயிற்றில் பிள்ளை தங்கியதுமே வீட்டைத் தயார் செய்தார்கள். ஜன்னல்களுக்குக் கனத்த திரை வந்தது. விளக்குகளை மாற்றி மங்கலாக்கினார்கள். அவனுடைய அக்கா, தையல்காரி, அகல விளிம்பு வைத்த தொப்பிகளைப் பிறந்த குழந்தை அளவிலிருந்து பள்ளிக்கூடம் போகிற அளவு வரைக்கும் வரிசையாகத் தைத்து அனுப்பினாள். வெயிலுக்குப் பூசும் களிம்பு அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருந்தது. பிள்ளைக்குக் கண் தெரியாத தூரத்தில் எதையும் வைக்கக் கூடாது என்று டார்ச் பொம்மைகளைக் கட்டிலுக்கு மிக நெருக்கத்தில் கட்டித் தொங்கவிட்டான். தான் சின்ன வயதில் பட்ட பாடு எதையும் தன் பிள்ளை படக் கூடாது என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மனதுக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தாள். அதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

பிரசவ அறையின் வெளிச்சம் அவளுக்குக் கண்ணில் ஊசியாக இறங்கியது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் அவள் பெற்றாள். குழந்தை அழுதது. குளிப்பாட்ட எடுத்துப் போனார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தியும் பெற்றிருந்தாள் போலிருக்கிறது. இரண்டு குழந்தைகள் ஒரே நேரத்தில் வீல் என்று கத்தின. தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில் ஒரு நர்ஸ், "அய்யய்யோ, கால்ல கட்டின சீட்டு கழண்டுடுச்சு பாரு. எங்க விழுந்தது? இந்தா, இருக்கு, இருக்கு," என்று சொன்னது அவள் காதில் தெளிவாக விழுந்தது. காதை நம்பிப் பிழைக்கிறவள். ஒரு சொல் தப்பாது.

குழந்தையைப் பக்கத்தில் கிடத்தினார்கள். "பொண்ணு. நல்லா இருக்கா," என்றாள் நர்ஸ்.

"வெள்ளையா?"

நர்ஸ் சற்றுத் தயங்கினாள். "கருகருன்னு முடிம்மா," என்றாள்.

அவள் குழந்தையைத் தூக்கி மூக்கோடு மூக்கு வைத்துப் பார்த்தாள். மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி தலை.

*

பிறந்த முடி உதிர்ந்துவிடும், பிறகு பார் என்று சிலர் சொன்னார்கள். உதிரத்தான் செய்தது, முன்னைவிடக் கருப்பாக முளைத்தது. அவள் பாலூட்டினாள், குளிப்பாட்டினாள், தோளில் போட்டுத் தட்டினாள். ஆனால் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. 'விருந்தாளி' என்று கூப்பிட்டாள். "விருந்தாளிக்குப் பசி வந்தாச்சு," "விருந்தாளி இன்னும் தூங்கல" என்று அவள் சொல்வதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். டார்ச்சும் சிரித்தான். அவள் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவனுக்குப் பிடிபட நாளாயிற்று.

தெரு சும்மா இருக்குமா? எதிர்வீட்டம்மாள் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "கொழந்தை யார் ஜாடைன்னே தெரியலையே," என்று இழுத்தாள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த நாத்தனார் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

"மூக்கைப் பாருங்க, என் தம்பி மூக்கு. வாயைப் பாருங்க, ஓயாம ஆடுது, அதுவும் அவன் வாய்தான். இன்னும் ஜாடை வேணும்னா உள்ள வந்து சாவகாசமா உக்காருங்க, காதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்."

எதிர்வீட்டம்மாளுக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்துவிட்டது.

கொட்டகையிலும் ஒருத்தன் கேட்டானாம், "என்ன டார்ச், பிள்ளை கருப்பாமே?" என்று. "ஆமாடா, பேட்டரியை வீட்டுல கழட்டி வெச்சிட்டேன்," என்று சொல்லிவிட்டு வந்தானாம். அதை அவனே வந்து சிரிக்கச் சிரிக்கச் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க ஏன் என்னை ஒரு தடவைகூடக் கேக்கல?"

"என்ன கேக்கணும்?"

"ஊரே கேக்கறதை."

"கேட்டா என்ன பண்ணுவ?"

"அடிப்பேன்."

"அதனாலதான் கேக்கல," என்றான். பிறகு குரலை மாற்றி, "நீ பொய் சொன்னா உன் குரல்ல ஒரு சுருதி ஏறும். அது எனக்குத் தெரியும். எதுக்கு வீணா உன்னை அடிக்கவெச்சு உன் கையை நோகடிக்கணும்?" என்றான்.

அந்த வகையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தை யாருடையது என்று அவன் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட்டது அவள்தான்.

*

மூன்றாவது மாதத்தில் ஒருநாள் டார்ச் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அலறினான். "அக்கா! அக்கா, இங்க வா! இவளுக்குக் கண்ணு ஆடவே மாட்டேங்குது!"

நாத்தனார் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னடா?"

"பாரு. அப்படியே நிக்குது. குத்திட்டு நிக்குது. இவளுக்குப் பார்வையே இல்லையா? நரம்பு எதுவும் செத்துப்போச்சா?"

நாத்தனார் குழந்தையைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அட மக்கு! கண்ணு நின்னாத்தான்டா சரி. உனக்கும் உன் பொண்டாட்டிக்கும்தான் ஆடும். ஊர்ல எல்லாருக்கும் நிக்கும்."

"எல்லாருக்குமா?"

"எனக்கு ஆடுதா?"

அவனுக்குத் தெரியாது. அவன் இத்தனை வயதுக்கும் நெருக்கத்தில் பார்த்த கண்கள் மனைவியுடையவை மட்டும்தான். கண்ணாடியில் தன் கண்ணைத் தானே பார்க்கும்போது ஆட்டம் தெரியாது. பார்க்கிற கண்ணும் அதுதானே. தன் கண் ஆடும் என்பது பிறர் சொல்லிக் கேட்ட சேதி. மற்றவர்கள் முகமெல்லாம் அவனுக்கு நடுவில் கொஞ்சம் இருட்டு சேர்ந்த ஒரு கலங்கல், அவ்வளவுதான்.

"காட்டு," என்றான். நாத்தனார் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தை நீட்டினாள். அவன் கிட்டே போனான், மூக்கு இடித்தது. இன்னும் கிட்டே போனான். வெகுநேரம் பார்த்தான்.

"உனக்குக் கண்ணு பழுப்பா அக்கா?"

"பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்டா."

"யாருமே சொல்லலையே," என்றான். "ஓரத்துல ஒரு புள்ளிகூட இருக்கு."

நாத்தனாருக்கு அதற்குமேல் சிரிக்க வரவில்லை. தம்பியின் தலையைத் தட்டிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டார்ச்சின் மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். முடி கருப்பாக இருந்தால் என்ன, கண்ணாவது ஆடும் என்று கடைசியாக ஒரு நூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த நூலும் அறுந்தது. அன்று மாலை குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே மனதில் இருந்ததைக் கணவனிடம் கொட்டினாள். சீட்டு கழன்றது, இரண்டு குழந்தைகள் கத்தியது, நர்ஸ் தயங்கியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"இது நம்ம பிள்ளை இல்லைங்க. மாத்திக் குடுத்துட்டாங்க."

"உளறாத. வெள்ளையா ஒண்ணு பொறந்திருந்தா ஆஸ்பத்திரியே கூடி வேடிக்கை பார்த்திருக்கும். நம்மளைப் பார்க்காததா?"

"கழுவறதுக்கு முன்னாடி எல்லாம் ஒரே பூச்சுதான். அப்புறம் அவங்க வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்? கொழந்தைக்குக் காலை வெயில் நல்லதுன்னு நர்ஸ் சொல்லி அனுப்பறாங்களே, அந்தம்மா நம்ம பிள்ளையை வெயில்ல போட்டு வெச்சிருந்தா?" துணி அவள் கையில் பந்தாகச் சுருண்டது. "தொப்பி அத்தனையும் இங்க இருக்கு. அது அங்க வெந்துகிட்டு இருக்கும்."

"இவளை?"

"இவளைக் குடுத்துட்டு அதை வாங்கிட்டு வரணும்." சொல்லும்போதே பக்கத்தில் கிடந்த குழந்தையை அள்ளித் தோளோடு இறுக்கிக்கொண்டாள். குழந்தை முனகியது. அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்கே ஒரு நேர்கோட்டில் இல்லை. விருந்தாளியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. அங்கே வெயிலில் கிடக்கிற பிள்ளையை விட்டுவிடவும் முடியாது.

*

பெரிய ஆஸ்பத்திரியில் மரபணுப் பிரிவு என்று மாடிக் கோடியில் ஒரு அறை. அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். முதல் கேள்வியே அவளை நிமிரவைத்தது.

"உங்க ரெண்டு பேர்ல யாரு அதிக வெள்ளை?"

"இவருதான்," என்றாள் உடனே. "இவரு பால். நான் வெண்ணெய். கல்யாணத்தப்பவே எங்க வீட்டுல சொல்வாங்க. எனக்கு முடி கொஞ்சம் மஞ்சள் பாய்ஞ்சிருக்கும். தோள்ல ஒண்ணு ரெண்டு மச்சம்கூட உண்டு. பார்வையும் இவரைவிட எனக்குக் கொஞ்சம் தேவலை."

"எப்பவும் அதைச் சொல்லிக் காட்டுவா," என்றான் டார்ச்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏதோ பலகாரப் பொட்டலம் பிரிக்கப்போகிறவள் மாதிரி ஒரு ஆவல் அவள் குரலில். "ஒரு பழைய சோதனை இருக்கு. இப்ப யாரும் பண்றதில்ல, அவ்வளவு நம்பவும் முடியாது. நேரா ரத்தத்துக்குப் போயிடுவாங்க. ஆனா நீங்களே உங்க கண்ணால பார்க்கலாம். ஆளுக்கு நாலு முடி குடுங்க."

"வெட்டியா?"

"வேரோட."

டார்ச்சுக்கு முடி பிடுங்கியபோது அவன் போட்ட சத்தத்தில் குழந்தை விழித்துக்கொண்டது. முடிகளின் வேர்களை ஒரு திரவத்தில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்துவிட்டு, சாயங்காலம் வரச் சொன்னாள் டாக்டர்.

சாயங்காலம் நுண்ணோக்கியின் முன்னால் உட்காரவைத்தாள். இவர்கள் இருவரும் வாழ்நாளில் எதையும் அவ்வளவு துலக்கமாகப் பார்த்ததில்லை. தெருவில் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியாத கண்ணுக்கு ஒரு முடியின் வேர் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. முதலில் டார்ச்சின் முடி. வேர் கண்ணாடி போல வெறுமையாக இருந்தது.

"இது உங்களுது. போட்டபடியே இருக்கு. இப்ப இதைப் பாருங்க, உங்க மனைவியோடது."

அவன் குனிந்தான். எழவே இல்லை.

"என்னங்க? நகருங்க, நான் பார்க்கணும்."

"இரு."

"என் முடிங்க அது!"

ஒருவழியாக அவனைத் தள்ளிவிட்டு அவள் குனிந்தாள். அவளுடைய மஞ்சள் முடியின் அடியில், சின்ன வெங்காயம் போல உப்பியிருந்த வேர் கருத்துப்போயிருந்தது. புகைபிடித்த மாதிரிக் கருப்பு. அவள் உடம்பில் அதுவரை அவ்வளவு கருப்பை அவள் கண்டதில்லை.

"இது என்னுதா?"

"உங்களுதுதான். உட்காருங்க, சொல்றேன்." டாக்டர் மேசையில் இருந்த காகிதக் கோப்பையை எடுத்து நடுவில் வைத்தாள். "தோல்லயும் முடி வேர்லயும் நிறம் தயாரிக்கறதுக்குன்னே தனியா செல்கள் இருக்கு. அதுக்குள்ள இந்தக் கோப்பை மாதிரி குட்டிக் குட்டிப் பைகள். மெலனின்ங்கற கருப்பு அந்தப் பைக்குள்ளதான் தயாராகும். அதுக்கு ரெண்டு விஷயம் சரியா இருக்கணும். ஒண்ணு, கருப்பாக்குற ஆள். டைரோசினேஸ்னு ஒரு நொதி. இன்னொண்ணு, பை. அந்தப் பைக்குள்ள புளிப்பு கூடக் குறைய இல்லாம இருந்தாத்தான் அந்த ஆள் வேலை செய்வான். உங்க வீட்டுக்காரருக்குப் பை நல்லா இருக்கு, ஆள் இல்ல. உங்களுக்கு ஆள் இருக்கான், பை சரியில்ல. கருப்பு தயாரிக்கறதுக்கான சரக்கை வெளியிலேர்ந்து நாங்க ஊத்தினதும் உங்க ஆள் எழுந்து வேலையைக் காட்டிட்டான். அவருகிட்ட எழுந்திருக்கவே ஆள் இல்ல."

"கருப்பாக்குற ஆளுன்னா," என்றான் டார்ச், "காளானை அழுத்திப் பிடிச்சா பழுப்பாகுமே, அந்த மாதிரியா?"

டாக்டர் மேசையைத் தட்டினாள். "அதே குடும்பம்தான்! சோதனைக்கு நாங்க வாங்குற நொதிப் பொடியே காளான்ல இருந்து எடுக்கறதுதான்."

அவன் தன் விரல்நுனிகளைத் திருப்பிப் பார்த்தான். "அப்ப காளானுக்கு இருக்கு, எனக்கு இல்லையா? தினம் அதைத் தடவித் தடவிப் பறிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லலையே."

"மனுஷன்கூட மனுஷன் பேசறதே கஷ்டம், இதுல காளான் பேசணுமா உங்களுக்கு," என்றாள் அவள். ஆனால் அவள் மனம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. "அப்ப கொழந்தைக்கு?"

"ஒவ்வொண்ணுக்கும் நம்மகிட்ட ரெண்டு பிரதி இருக்கும். அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தாப் போதும், வேலை நடக்கும். நீங்க அவளுக்கு நல்ல ஆளைக் குடுத்திருப்பீங்க, அவரு நல்ல பையைக் குடுத்திருப்பாரு. ரெண்டும் சேர்ந்தா கருப்பு. உங்களுக்கு எத்தனை பிறந்தாலும் கருப்பாத்தான் பிறக்கும்."

"கண் டாக்டர் அத்தனையும் வெள்ளையா பிறக்கும்னாரே."

"ரெண்டு பேருக்கும் ஒரே குறைன்னு நினைச்சிருப்பாரு. வெளியில பார்த்தா ஒரே மாதிரி வெள்ளைதானே."

டாக்டர் இன்னொன்றும் சொன்னாள். நிறம் செய்கிற செல் தான் செய்ததைத் தானே வைத்துக்கொள்ளாதாம். பைகளைக் கை நீட்டி அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுத்துவிடுமாம். வாங்கிய செல் அதைத் தன் உட்கருவுக்கு மேலே, வெயில் வருகிற பக்கமாகக் குடை பிடித்தாற்போல் பிடித்துக்கொள்ளுமாம். "அதனால இவளைத் திரை போட்டு இருட்டுல வெச்சிருக்காதீங்க," என்றாள். "இவளுக்குக் குடை உள்ளேயே இருக்கு. வெளிச்சம் வேணும்."

டார்ச் எழுந்துவிட்டான். "போதும் டாக்டர். எங்க பிள்ளைதான். வா போகலாம்."

அவள் எழவில்லை. "எங்களுதா இருக்கலாம்னு சொல்றீங்க. எங்களுதுதான்னு சொல்லலையே?"

"இல்ல," என்றாள் டாக்டர். "அதை ரத்தம்தான் சொல்லும்."

"ஏய், இதுக்கு மேல என்ன? முடியே சொல்லிடுச்சே!"

"முடி, இருக்க முடியும்னுதான் சொல்லுச்சு. பஸ் கிளம்ப முடியும்னா கிளம்பிடுச்சுன்னு அர்த்தமா?" அவள் குழந்தையை மடியில் நிமிர்த்திப் பிடித்தாள். "எனக்கு இவ போதுங்க. நிஜமா போதும். ஆனா அங்க ஒண்ணு வெயில்ல கிடந்தா? யாரு கேப்பா அதுக்கு? எடுங்க டாக்டர், மூணு பேருக்கும் எடுங்க."

*

முடிவு வர வாரங்கள் ஆகும் என்றார்கள். அந்த வாரங்களில் வீடு தலைகீழாகிப்போனது. டாக்டர் சொன்னபடி ஜன்னல் திரைகளை அவளே கழற்றினாள். வெளிச்சம் குபுகுபுவென்று உள்ளே வந்தது. குழந்தையை வெயில் விழுகிற இடத்தில் பாயில் போட்டுவிட்டு, அவளும் டார்ச்சும் வீட்டுக்குள்ளேயே தொப்பி, கருப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டையோடு சுவரோரமாக உட்கார்ந்து பார்த்தார்கள். குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு தூசி மிதப்பதைப் பார்த்துக் கெக்கலித்தது.

"திருட வந்த வீட்டுல பிள்ளையைப் பார்த்து மயங்கி உக்காந்த மாதிரி இருக்கீங்க ரெண்டு பேரும்," என்றாள் நாத்தனார்.

டார்ச் கட்டித் தொங்கவிட்ட பொம்மைகளைத் தூரத் தூர மாற்றிக் கட்டிக்கொண்டே போனான். எவ்வளவு தூரத்தில் கட்டினாலும் குழந்தை அதைப் பார்த்துக் கையை நீட்டியது. கடைசியில் எதிர்ச் சுவரில் கட்டினான். அவனுக்கே பொம்மை தெரியவில்லை. "அங்க இருக்கா இன்னும்?" என்று குழந்தையிடம் கேட்பான். அது சிரித்தால், இருக்கிறது என்று எடுத்துக்கொள்வான்.

அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இதே வெயில் இன்னொரு வீட்டுக்குள்ளும் விழுகிறதே என்ற நினைப்பு வந்து சிரிப்பைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போகும்.

"ஒருவேளை இது உன்னுது இல்லேன்னு வந்தா?" என்று நாத்தனார் ஒருநாள் மெல்லக் கேட்டாள். "என்ன பண்ணுவ?"

"தெரியல அண்ணி. அந்தம்மா காலைப் பிடிச்சாவது பக்கத்து வீட்டுக்குக் குடிவரச் சொல்வேன்."

விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஒரு முற்பகல், விசாரணைத் தொலைபேசி ஒலித்தது.

"விசாரணை, சொல்லுங்க."

"நான் மரபணுப் பிரிவு டாக்டர் பேசறேன். உங்க நம்பர் கிடைக்கல, அதான் இதுல போட்டேன். முடிவு வந்தாச்சு. சாயங்காலம் நேர்ல வாங்களேன், பேசலாம்."

"டாக்டர்," என்றாள் அவள், "பஸ் வருமா வராதான்னு கேக்கறவங்ககிட்ட நேர்ல வாங்கன்னு சொன்னா என்னைச் சும்மா விடுவாங்களா?"

மறுமுனையில் டாக்டர் சிரித்துவிட்டாள். "உங்க பொண்ணுதான்மா. உங்களுக்கும் அவருக்கும் பிறந்த பொண்ணுதான். துளி சந்தேகம் இல்ல."

அவள் நன்றி சொன்னாள். வைத்த கையோடு அடுத்த அழைப்பு வந்தது. யாரோ ஒரு பெரியவர் மலையடிவாரத்துக்குப் போகிற வண்டி கேட்டார். நேரம், நிற்கிற இடம், நடுவில் மாற வேண்டிய ஊர் எல்லாவற்றையும் பிசகாமல் சொன்னாள். "தாயி, சளி பிடிச்சிருக்கா? குரல் ஒரு மாதிரி இருக்கே," என்றார் பெரியவர். "ஆமாங்க," என்று சொல்லி வைத்தாள்.

அவள் வீட்டுக்கு வருவதற்குள், போனில் சொன்ன செய்தி எட்டி டார்ச் கொட்டகையிலிருந்து ஓடிவந்துவிட்டான். நாத்தனார் தெருவுக்கே கேட்கிற குரலில் எதிர்வீட்டம்மாளைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து வந்தவள் யாரையும் பார்க்காமல் உள்ளறைக்குப் போய்க் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று டார்ச் சற்று நேரம் விட்டுவைத்தான். அழுகை நிற்கவில்லை. அது வேறு மாதிரி அழுகை என்று அவன் காதுக்குப் பட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னம்மா?"

"அப்ப அங்க யாரும் இல்ல," என்றாள்.

"எங்க?"

"அங்க. அந்த வீட்டுல. வெயில்ல. யாருமே இல்ல, இல்ல?" மூக்கைத் துடைத்தாள். "சந்தோஷப்படணும். வெந்துகிட்டு ஒரு பிள்ளையும் கிடக்கல. ஆனா இத்தனை நாளா அதை நெனைச்சுகிட்டே இருந்தேங்க. வயித்துல இருந்தப்பலேர்ந்து. வெள்ளையா, உங்களை மாதிரி. கண்ணு ஆடிக்கிட்டு. எப்படித் தூக்கணும், எப்படி நிழல்ல நடக்கச் சொல்லிக் குடுக்கணும், பள்ளிக்கூடத்துல கேலி பண்ணா என்ன திருப்பிச் சொல்லணும்னு எல்லாம்... அது பொறக்கவே இல்ல."

டார்ச் சிரிக்கவில்லை. அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

"பேரு வெச்சிருந்தியா?"

தலையாட்டினாள்.

"என்ன பேரு?"

அவன் காதில் சொன்னாள். அவன் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான்.

"நல்ல பேரு," என்றான். "இவளுக்கு வைக்கலாமா?"

"வேண்டாம். அது அவளுக்கு வெச்சது."

"சரி. அவகிட்டயே இருக்கட்டும்."

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். "ஏன்டா, தெருவுல நான் கத்திக்கிட்டு இருக்கேன், நீங்க ரெண்டு பேரும் உள்ள உக்காந்து மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்கீங்களா? என்ன ஆச்சு?"

"இவளுக்குப் பேரு வைக்கணும் அண்ணி," என்றாள் அவள். "புதுசா. நீங்க சொல்லுங்க."

நாத்தனாரிடம் பெயர் தயாராக இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது. சொன்னாள்.

"அய்யோ அக்கா!" என்றான் டார்ச். "அது நாம சின்ன வயசுல வளர்த்த ஆட்டுக்குட்டி பேரு!"

"அந்த ஆடு எவ்வளவு லட்சணமா இருக்கும் தெரியுமாடா உனக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அது கத்தினதுதான் எனக்குத் தெரியும். விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடும்."

"இவ மட்டும்? இவளும் அப்படித்தானே கத்தறா? பொருத்தமான பேருதான்."

அவளுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மடி குலுங்கியதில் குழந்தைக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. குழந்தையை வாகாக மாற்றிப் போட்டுக்கொண்டு, முகத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"வேற சொல்லுங்க அண்ணி," என்றாள். "நிதானமா யோசிச்சே சொல்லுங்க. இவ எங்கயும் போகப் போறதில்ல."